6×7-ஐ இனி தூக்க முடியவில்லை, எந்த ஃபார்மேட்டுக்கு (நெகட்டிவ் அளவுக்கு) மாறலாம்?

#1 ஆறேழு

வணக்கம். இங்கே பல வருடமாக வாசிக்கிறேன், எழுதியது குறைவு. எனக்கு 68 வயது. 22 வருடமாக 6×7 செ.மீ நெகட்டிவ் தரும் மாமியா ஆர்பி67 தான் என் கேமரா. அதை விட வேண்டிய நிலை வந்துவிட்டது போலிருக்கிறது. வழி கேட்டு வந்திருக்கிறேன்.

உடம்பின் நிலவரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இடது தோளில் தசைநார் கிழிந்து ஆறிய இடம், எடை தொங்கினால் அன்று இரவு தூக்கம் இல்லை. வலது கட்டைவிரலின் அடிமூட்டில் தேய்மானம். வலது கண்ணில் கண்புரை ஆரம்பித்திருக்கிறது, அறுவைக்கு இன்னும் காலம் இருக்கிறது என்கிறார் மருத்துவர்.

கேமரா, 90 மிமீ லென்ஸ், பின்னால் மாட்டும் ஃபிலிம் பேக் ஒன்று எல்லாம் சேர்ந்து சுமார் 2.7 கிலோ. இன்னொரு லென்ஸ், ஒளி மீட்டர், ஃபிலிம், அதற்கேற்ற முக்காலி என்று போட்டால் பை எட்டு கிலோவைத் தொடுகிறது. கடைசியாக ஐந்து முறை வெளியே போனேன். மூன்று முறை பையைத் திறக்காமலே வீடு திரும்பினேன். போய்ச் சேர்வதற்குள் படம் எடுக்கும் மனசு போய்விடுகிறது.

6×7 நெகட்டிவை விட மனமில்லை. அதனால் மாமியா 7 வாங்கலாம் என்று யோசனை. 80 மிமீ லென்ஸோடு 1.2 கிலோதான். சரியான முடிவா?

#2 வெள்ளித்துகள்

தாராளமாக வாங்குங்கள் ஐயா. நான் பென்டாக்ஸ் 67-ல் இருந்து அதற்குத்தான் மாறினேன். எடை பாதி. கேமராவுக்குள் கண்ணாடி தூக்கி அடிக்கும் அதிர்வு கிடையாது, ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமும் இல்லை. 1/30 நொடியில் கையில் பிடித்து எடுத்த நெகட்டிவைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டிருக்கிறேன், கூர்மை குறையவில்லை. 80 மிமீ லென்ஸ் ஒரு மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, அது ஒன்றைத்தான் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

#3 ஸ்க்ரூடிரைவர்

கொஞ்சம் பொறுங்கள். நான் கேமரா பழுது பார்ப்பவன். வயதானவர்கள் கேமரா மாற்றுவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் எடையை மட்டும் பார்த்து மாற்றுகிறார்கள், ஆறு மாதத்தில் புதியதும் அலமாரிக்குப் போய்விடுகிறது.

ஆறேழு ஐயா சொன்ன மூன்று தொல்லைகளில் எடை சம்பந்தப்பட்டது தோள் மட்டும். கட்டைவிரலும் கண்ணும் வேறு கணக்கு. மாமியா 7-ல் ஒவ்வொரு படத்துக்கும் ஃபிலிமை நகர்த்துவது மேலே இருக்கும் லீவர். அதைத் தள்ளுவது வலது கட்டைவிரல். ஆர்பி67-ன் பெரிய லீவரை நீங்கள் உள்ளங்கையால் அழுத்திப் பழகியிருப்பீர்கள். அதனால்தான் அந்தப் பெரிய பெட்டி உங்கள் விரலை இத்தனை நாள் காப்பாற்றி வந்திருக்கிறது.

அடுத்தது கண். மாமியா 7 ஒரு ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா. அதில் நடுவில் தெரியும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு பிம்பங்களை ஒன்றோடொன்று பொருத்த வேண்டும். கண்புரை முதலில் தின்பது மாறுபாட்டைத்தான், அதாவது கருப்புக்கும் வெளுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. அந்தக் கட்டம் தெரிவதே அந்த வித்தியாசத்தால்தான். ஒருமுறை ஒருவர் ஃபோகஸ் போய்விட்டது என்று ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். சோதித்தேன், இம்மி பிசகவில்லை. மூன்று மாதம் கழித்துத் திரும்ப வந்தார். மாறியிருந்தது அவர் கண். அதை அவரிடம் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஃபிலிம் போடாத கேமராவைக் கையில் எடுத்து, ஒரு ரோல் எடுப்பது போல எல்லா அசைவையும் செய்து பாருங்கள். பையில் இருந்து எடுப்பது, மூடியைக் கழற்றுவது, ஃபோகஸ், அப்பர்ச்சர், ஷட்டர், லீவர், கடைசியில் பின்கதவைத் திறந்து ஃபிலிம் மாற்றுவது வரை. எந்த அசைவில் முகம் சுளிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பை வைத்துப் பேசுவோம்.

#4 ஆறேழு

நன்றி அண்ணா. செய்து பார்த்தேன். நினைத்தது ஒன்று, வந்தது வேறு.

கேமராவைக் கையில் பிடிப்பது இன்னும் முடிகிறது. பையைத் தோளில் ஏற்றுவதும் இறக்குவதும்தான் வலி. ஃபோகஸ் குமிழ் பெரியது, பரவாயில்லை. டார்க் ஸ்லைடை, அதாவது ஃபிலிமை வெளிச்சத்தில் இருந்து மறைக்கும் தகட்டை, இழுக்கும்போது கட்டைவிரலில் சுளீர் என்கிறது, கிள்ளிப் பிடித்துச் செய்யும் எதுவும் அப்படித்தான். ஃபிலிம் பேக்கில் இருக்கும் சின்ன லீவரும் சிரமம். நண்பர் ஒருவரின் பழைய 35 மிமீ கேமராவையும் எடுத்துப் பார்த்தேன். எடை இல்லை. ஆனால் பத்து முறை லீவரைத் தள்ளியதும் விரல் முறையிட ஆரம்பித்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி.

#5 இருட்டறைவாசி

கண்ணைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். எனக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்தது. அதற்கு முன் பத்து வருடம் வெள்ளெழுத்தோடு போராடியிருக்கிறேன்.

வெள்ளெழுத்து நாற்பதுகளில் வருவது, எல்லாருக்கும் வருவது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகிப்போய்க் கிட்டத்தில் இருப்பதற்கு ஃபோகஸ் பண்ண முடியாமல் போகிறது. லென்ஸ் வழியாகவே பார்த்து எடுக்கும் எஸ்எல்ஆர் கேமராவை எடுத்தால் ஃபோகஸ் திரை கண்ணில் இருந்து சில சென்டிமீட்டரில்தான் இருக்கிறது. ஆனால் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் லென்ஸ் அந்தப் பிம்பத்தைச் சுமார் ஒரு மீட்டர் தள்ளிவைத்துக் காட்டும், பெரும்பாலான கேமராக்களில் அப்படித்தான். அதனால் படிக்கிற கண்ணாடி போட்டுக்கொண்டு வியூஃபைண்டரில் பார்த்தால் மங்கும். தூரப்பார்வைக் கண்ணாடியோடு பார்த்தால் பலருக்குச் சரியாக வரும், சிலருக்கு ஐபீஸில் மாட்டும் டையாப்டர் (பார்வைத் திருத்த) லென்ஸ் ஒன்று கூடுதலாக வேண்டியிருக்கும். இது தெரியாமல் லென்ஸ்தான் கெட்டுவிட்டது என்று நான் இரண்டு லென்ஸை விற்றேன்.

மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டே பார்ப்பவர்கள் ஐபீஸுக்கும் கண்ணுக்கும் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று பாருங்கள். நிக்கான் எஃப்3 எச்பி-யில் 25 மிமீ தள்ளி நின்றாலும் முழு ஃபிரேமும் தெரியும். சாதாரண எஃப்3-ல் கண்ணாடி போட்டவர்களுக்கு ஓரங்கள் வெட்டுப்படும். கேமரா ஒன்றுதான், மேலே இருக்கும் பிரிசம் மட்டும் வேறு.

திரையின் நடுவில் இருக்கும் பிளவுப் பிம்ப வட்டத்தை நம்பி ஃபோகஸ் செய்பவர்கள் எஃப்/1.8, எஃப்/2 போன்ற வெளிச்சம் அதிகம் விடும் லென்ஸ்களோடு நில்லுங்கள். எஃப்/5.6 ஜூம் மாட்டினால் அந்த வட்டத்தில் பாதி கருத்துப்போகும், இளம் கண்ணுக்கும் சரி முதிய கண்ணுக்கும் சரி.

மேலிருந்து குனிந்து பார்க்கும் கிரவுண்ட் கிளாஸ் (சொரசொரப்பான கண்ணாடித் திரை) இருக்கிறதே, ரோலைஃபிளெக்ஸ், ஹாஸல்பிளாட், உங்கள் ஆர்பி67 போல, அதில் ஒரு பெரிய வசதி. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். ஒரு கண் மங்கினால் மற்றது ஈடுகட்டும். படிக்கிற கண்ணாடியே போதும், ஏனென்றால் திரை கை தூரத்தில் இருக்கிறது. நுணுக்கமாகப் பார்க்க மடக்கு உருப்பெருக்கி உள்ளேயே இருக்கிறது. இடவலம் மாறித் தெரியும், ஆர்பி67-ல் 22 வருடம் ஓட்டிய உங்களுக்கு அது பழகிய பாடம்.

அறுவைக்குப் பிறகு என்ன ஆனது என்பதையும் சொல்ல வேண்டும். எனக்கு வைத்தது ஒரே தூரத்துக்கான லென்ஸ், தூரப்பார்வைக்கு அமைத்தது. முதல் நாள் வெளியே வந்தபோது வானத்தின் நீலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். கண்புரை எல்லாவற்றையும் மஞ்சளாக்கி வைத்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. கலர் பிரிண்ட்டுகளை எடுத்துப் பார்த்தேன். கடைசி நான்கு வருடத்து வேலை முழுக்க நீலம் தூக்கலாக இருந்தது. நான் திருத்துவதாக நினைத்துக்கொண்டு திருத்தியது எல்லாம் என் கண்ணின் மஞ்சளை. கலரில் சொந்தமாகப் பிரிண்ட் போடுகிறவர்கள் இதை மனதில் வையுங்கள்.

அறுவை முடியும் வரை பெரிய தொகை போட்டு எந்த வியூஃபைண்டரையும் வாங்காதீர்கள் ஐயா. அறுவைக்குப் பிறகு உங்கள் கண்ணின் பவரே மாறிவிடும்.

#6 கிரவுண்ட்கிளாஸ்

எல்லாரும் சின்னதாகப் போகச் சொல்வார்கள், நான் எதிர்த்திசையில் போனவன். 66 வயதில் 6×6-ல் இருந்து 4×5 அங்குலத் தாள் ஃபிலிமுக்கு மாறினேன். இப்போது 71.

இடுப்புத் தட்டு விலகியது எனக்கு. நடந்துகொண்டே, குனிந்து நிமிர்ந்து, நாற்பது இடத்தில் நின்று எடுப்பது முடியாமல் போனது. ஓர் இடத்தில் உட்கார்ந்திருப்பது முடியும். அப்படியானால் உட்கார்ந்து எடுக்கிற கேமரா எது என்று யோசித்தேன். மடக்கு மரக் கேமரா ஒன்று, லென்ஸோடு இரண்டு கிலோ. கார்பன் ஃபைபர் முக்காலி. மடக்கு ஸ்டூல். எல்லாம் இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில். தோளில் எதுவும் ஏறாது. முக்காலியை ஸ்டூலில் உட்கார்ந்த கண் உயரத்துக்கு வைத்துவிடுவேன். கருப்புத் துணிக்குள் தலையை விட்டால் தலைகீழாகத் தெரியும் அந்தப் பெரிய பிம்பம், உள்ளங்கை அளவு. 4 மடங்கு லூப் (உருப்பெருக்கி) வைத்துப் பார்த்தால் ஃபோகஸில் சந்தேகமே வராது. நேரம் இருக்கிறது, எதுவும் ஓடிப்போவதில்லை.

ஒரு நாளைக்கு நான்கு தாள். முன்பு 12 படம் கொண்ட ரோல் ஐந்து எடுப்பேன். இப்போது நான்கு தாளுக்கு மேல் எடுத்தால் எனக்கே பேராசை போலத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. தாள் ஃபிலிமை ஹோல்டரில் ஏற்றுவது முழு இருட்டில், விரல் உணர்வால். தாளின் ஓரத்தில் இருக்கும் சின்ன வெட்டுகளைத் தடவித்தான் எந்தப் பக்கம் எமல்ஷன், அதாவது ஒளி உணரும் பூச்சு, என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெட்டு மேல் வலது மூலையில் இருந்தால் எமல்ஷன் உங்களைப் பார்க்கிறது. சர்க்கரையால் விரல் நுனி மரத்தவர்களுக்கு இது பெரிய தடை. எனக்கு இப்போது ஆள்காட்டி விரலில் உணர்வு குறைகிறது, அதனால் கீழ் உதட்டில் வைத்துத் தொட்டுப் பார்க்கிறேன். உதட்டில் அந்த வெட்டு நன்றாகத் தெரிகிறது.

செக் புகைப்படக்காரர் ஜோசஃப் சுடெக்கை நினைத்துக்கொள்வேன். முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். பிறகு ப்ராக் நகரில் பெரிய பெரிய மரக் கேமராக்களோடுதான் வாழ்நாள் முழுக்க வேலை செய்தார், ஒற்றைக் கையோடு. 1940-க்குப் பிறகு பெரிதுபடுத்துவதையே பெரும்பாலும் விட்டுவிட்டு, பெரிய நெகட்டிவைத் தாளோடு ஒட்டவைத்து அதே அளவில் தொடு பிரிண்ட் போட்டார். தன் ஸ்டுடியோ ஜன்னலையே ஆண்டுக்கணக்கில் எடுத்தார். கை குறைந்தவர் சின்னக் கேமராவுக்குத்தான் போக வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலும்.

#7 அரைஃபிரேம்

நான் மறு கோடியில் நிற்பவள். நுரையீரல் பிரச்சினை. மேட்டில் நாற்பது அடி ஏறினால் நின்று மூச்சு வாங்க வேண்டும். ஹாஸல்பிளாட் வைத்திருந்தேன், ஒன்றரைக் கிலோ. ஒன்றரைக் கிலோ என்பது மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை, எனக்கு அது இரண்டு தெருவின் தூரம். இப்போது பென்டாக்ஸ் 17, 2024-ல் வந்த அரை ஃபிரேம் கேமரா, 35 மிமீ ஃபிரேமில் பாதி அளவுதான் ஒரு படம். 290 கிராம்.

35 மிமீ ஃபார்மேட்டே மூச்சிரைப்பில் பிறந்ததுதான். லைட்ஸ் என்ற ஜெர்மன் கம்பெனியில் வேலை பார்த்த ஓஸ்கர் பார்னக் ஆஸ்துமாக்காரர். கண்ணாடித் தட்டில் எடுக்கும் கனமான கேமராவைத் தூக்கிக்கொண்டு நடக்க முடியாமல்தான் சினிமா ஃபிலிமை வைத்துச் சின்னக் கேமரா செய்தார். 1913-14-ல் முதல் மாதிரி, 1925-ல் லைக்கா என்று விற்பனைக்கு வந்தது. உடம்பு முடியாத ஒருவர் தனக்காகச் செய்ததை உடம்பு முடிந்த உலகம் முழுக்க எடுத்துக்கொண்டது. ஒவ்வொரு முறை ஃபிலிம் போடும்போதும் இதை நினைப்பேன்.

விரல் வலி உள்ளவர்கள் ரோல் மாற்றும் எண்ணிக்கையையும் பாருங்கள். 72 படம் எடுக்க எனக்கு ஒரு ரோல் போதும். 6×7-ல் ஒரு 120 ரோலுக்கு 10 படம், ஆக எட்டாவது ரோலும் தேவைப்படும். எட்டு முறை காகித நாக்கைச் செருகி, அம்புக்குறியைப் பொருத்தி, முடிந்ததும் பசைத் தாளை ஒட்ட வேண்டும்.

ஃபோகஸும் எனக்கு ஒரு கவலையாக இல்லை. தூரத்தைக் கணித்து வளையத்தைத் திருப்பினால் போதும். சின்ன ஃபார்மேட்டில்தான் அது நன்றாக நடக்கும். 35 மிமீ-ல் 28 மிமீ லென்ஸை எஃப்/8-ல் வைத்து 3.3 மீட்டருக்கு ஃபோகஸ் செய்தால், ஒன்றரை மீட்டர் தாண்டியதில் இருந்து அடிவானம் வரை கூர்மையாக வரும். 6×7-ல் 80 மிமீ லென்ஸை அதே எஃப்/8-ல் வைத்தால் கிட்டத்தட்ட ஏழு மீட்டருக்கு அப்பால்தான் கூர்மை தொடங்கும். பெரிய நெகட்டிவ் கண்ணிடம் அதிகம் கேட்கிறது.

#8 வெள்ளித்துகள்

அக்கா, மூச்சு விஷயம் புரிகிறது. ஆனால் ஆறேழு ஐயா கேட்டது 6×7-க்கு மாற்று. அதன் பரப்பு அரை ஃபிரேமைப் போல ஒன்பது மடங்குக்கு மேல். முழு 35 மிமீ-யைவிட நாலரை மடங்கு. வானத்தில் மெதுவாக மாறும் சாம்பல் நிறங்கள், முகத்தோலின் வழவழப்பு, இதெல்லாம் பெரிய நெகட்டிவில் மட்டும் வருவது. 22 வருடம் அதைப் பார்த்த கண்ணிடம் 17×24 மிமீ-யைக் கொடுத்தால் ஒரு மாதத்தில் வெறுத்துவிடும். கூர்மைக் கணக்கில் அடங்காத இழப்பு அது.

#9 அரைஃபிரேம்

வெறுக்கலாம். அவருடைய கண், அவருக்குத் தெரியும். என் கணக்கைச் சொல்கிறேன்: ஹாஸல்பிளாட்டோடு இருந்த கடைசி வருடம் நான் எடுத்தது நான்கு ரோல், 48 படம். போன வருடம் 26 ரோல் எடுத்தேன். அதில் என் அம்மாவின் கடைசி மாதங்களும் இருக்கின்றன. சட்டைப்பையில் கேமரா இருந்ததால் எடுத்தவை அவை. வழவழப்பு இல்லைதான். பிரிண்டை ஐந்துக்கு ஏழு அங்குலத்திலேயே நிறுத்திவிடுகிறேன், கையில் வைத்துப் பார்க்கிற அளவு.

#10 கேபிள்ரிலீஸ்

இதுவரை யாரும் தொடாத ஒன்று, கைநடுக்கம். எனக்கு ஏழு வருடமாக இருக்கிறது.

பெரிய ஃபார்மேட்டில் பெரிதுபடுத்துவது குறைவு, அதனால் நடுக்கம் தெரியாது என்று பலர் சொன்னார்கள், நம்பி ஏமாந்தேன். அதே கோணத்தைப் பிடிக்கப் பெரிய ஃபார்மேட்டுக்கு நீளமான லென்ஸ் வேண்டும். லென்ஸ் நீள நீள ஃபிலிமில் விழும் அசைவும் அதே அளவுக்குப் பெருகும். பிரிண்ட்டில் பார்த்தால் இரண்டும் சமம். உண்மையில் கிடைக்கும் லாபம், 400 வேக ஃபிலிமை, பிரிண்ட்டில் துகள் தெரியும் என்ற பயம் இல்லாமல் போடலாம் என்பது. ஆனால் கூர்மையின் ஆழத்துக்காக அப்பர்ச்சரை மூடும்போது அதுவும் போய்விடுகிறது.

கேமராவின் எடை கொஞ்சம் நல்லதுதான். 300 கிராம் கேமரா என் கையில் இலை போல ஆடுகிறது, ஒரு கிலோ கேமரா அடங்குகிறது. அரைஃபிரேம் அக்காவுக்கு மருந்தானது எனக்கு விஷம்.

கடைசியில் எனக்கு வழி திறந்தது ஆட்டோஃபோகஸ் 35 மிமீ. கேனன் ஈஓஎஸ் ஃபிலிம் கேமராக்களில் அதிர்வு தடுக்கும் ஐஎஸ் லென்ஸ்கள் வேலை செய்யும். நிக்கான் எஃப்80, எஃப்100 போன்றவற்றில் அதே வேலை செய்யும் விஆர் லென்ஸ்களைப் போடலாம். 1998-ல் வந்த கேனன் 28-135 ஐஎஸ் லென்ஸைத்தான் நான் வைத்திருக்கிறேன், 540 கிராம். ஃபிலிம் உலகில் இந்த வசதி கிடைப்பது நடைமுறையில் 35 மிமீ-ல் மட்டும். கேமராவே ஃபிலிமை ஏற்றிக்கொள்ளும், நகர்த்தும், முடிந்ததும் சுற்றிவிடும். கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. எஃப்100-ஐ 50 மிமீ லென்ஸோடு எடுத்தாலும் சுமார் ஒரு கிலோதான்.

முக்காலி தூக்க முடியாத நாளில் ஒரு கயிறு. முக்காலித் துளையில் ஒரு போல்ட்டை முடுக்கி, அதில் கயிற்றைக் கட்டி, மறுமுனையை மிதித்துக்கொண்டு கேமராவை மேலே இழுத்துப் பிடித்தால் மேலும் கீழும் ஆடுவது நன்றாகக் குறையும்.

#11 ஆறேழு

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான் மாமியா 7 என்று கேட்டது 6×7 என்ற எண்ணை விட முடியாததால். அதை விட்டால் நான் ஒரு படி இறங்கிவிட்டேன் என்று தோன்றுகிறது. இருட்டறையில் ஈரமான நெகட்டிவைத் தூக்கி விளக்குக்கு எதிரே பிடிக்கும்போது பத்து ஜன்னல் வரிசையாகத் தெரியும். அந்தக் காட்சிக்காகத்தான் பாதி வேலையும் செய்கிறேன். தோள் போவதைவிட அது போவது பயமாக இருக்கிறது.

#12 இருட்டறைவாசி

அந்தப் பயம் எனக்கும் இருந்தது ஐயா.

8×10 அங்குலக் கேமராவை மலைமேல் கொண்டுபோன அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ், 1960-ல் ஹாஃப் டோம் பாறைக்கு மேல் நிலா நிற்கும் படத்தை எடுத்தது 6×6 ஹாஸல்பிளாட்டில். அப்போது அவருக்கு 58 வயது. அந்தப் படத்தைப் பார்த்து யாரும் அவர் இறங்கிவிட்டதாகச் சொன்னதில்லை. இன்னொரு புகைப்படக்காரர் ஆந்த்ரே கெர்டேஷ், மனைவியை இழந்த பிறகு, 80 வயதைத் தாண்டி, நியூயார்க் வீட்டு ஜன்னலோரம் ஒரு சின்னக் கண்ணாடிச் சிலையை வைத்து உடனே படம் தரும் போலராய்டு எஸ்எக்ஸ்-70-ல் எடுத்துக்கொண்டே இருந்தார். அந்தச் சின்னச் சதுரங்களில் இருக்கும் துக்கத்தைப் பார்த்தால் ஃபார்மேட் என்ற சொல்லே மறந்துபோகும்.

புகைப்படக்காரர் எட்வர்ட் வெஸ்டனின் கதை வேறு மாதிரி. பார்க்கின்சன் நோய் வந்து 1948-க்குப் பிறகு அவரால் எடுக்கவே முடியவில்லை. அதற்குப் பிறகு பத்து வருடம் உயிரோடு இருந்தார். மகன்கள் பிரிண்ட் போட, பக்கத்தில் இருந்து சரிபார்த்தார். எனக்கு அதைப் படித்தபோது மனசு கனத்துவிட்டது. எடுக்க முடிகிற காலத்தில் எதில் முடிகிறதோ அதில் எடுத்துவிட வேண்டும் என்று அன்றுதான் முடிவு செய்தேன்.

#13 ஸ்க்ரூடிரைவர்

ஐயா, இரண்டு கேமராவைக் கடன் வாங்கி ஒவ்வொன்றையும் ஒரு வாரம் வைத்துப் பாருங்கள்.

ஒன்று பென்டாக்ஸ் 645என். ஆட்டோஃபோகஸ் உண்டு, மோட்டார் ஃபிலிமை நகர்த்தும், எடை ஒன்றரைக் கிலோவுக்குப் பக்கம். ஷட்டர் வேகமும் அப்பர்ச்சரும் ஃபிலிமின் ஓரத்திலேயே அச்சாகிவிடும், குறிப்பு எழுத மறப்பவர்களுக்கு அது பெரிய உதவி.

இன்னொன்று இரட்டை லென்ஸ் கேமரா, ரோலைஃபிளெக்ஸோ யாஷிகாமாட்டோ எது கிடைத்தாலும். சுமார் 1.1, 1.2 கிலோ. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். சுழற்றும் கைப்பிடி என்பதால் கட்டைவிரலால் தள்ள வேண்டியதில்லை, ஆள்காட்டி விரலாலேயே சுற்றலாம். கழுத்தில் மாட்டி, பட்டை விறைப்பாகும் வரை கீழே அழுத்திப் பிடித்தால் முக்காலி போல நிற்கும். படம் 6×6 சதுரம் என்பதால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்ப வேண்டிய தேவையே இல்லை. ஆர்பி67-ல் பேக் சுழலும் என்பதால் இந்தத் தொல்லை உங்களுக்கு இதுவரை தெரிந்திருக்காது. மணிக்கட்டு வலிக்கும் நாளில் தெரியும்.

#14 ஆறேழு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டும் கிடைத்தன.

645என் நல்ல கேமரா. கீழே உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தால் எடை தெரியவில்லை. ஆட்டோஃபோகஸ் என் வலது கண்ணை மன்னித்துவிட்டது. ஆனால் முகங்களை எடுக்கக் கேமராவைப் படுக்கைவாட்டில் இருந்து செங்குத்தாகத் திருப்பியபோது, அண்ணன் சொன்ன மாதிரியே, எடை முழுவதும் வலது மணிக்கட்டில் வந்து உட்கார்ந்தது. நான் எடுப்பது பெரும்பாலும் மனிதர்களை. இரண்டாவது ரோலில் திருப்புவதைத் தவிர்க்க ஆரம்பித்தேன். எடுக்க வேண்டிய படத்தை விட்டுவிட்டு, எடுக்க முடிந்த படத்தை எடுக்கிறேன் என்று உறைத்தது.

இரட்டை லென்ஸ் கேமராவைக் கழுத்தில் மாட்டியவுடன் தோள் எதுவும் சொல்லவில்லை. எடை கழுத்தின் நடுவில் இறங்குகிறது, இடது பக்கம் இழுக்கவில்லை. குனிந்து பார்த்தபோது பழைய வீட்டுக்குள் நுழைந்தது போல இருந்தது. அதே கிரவுண்ட் கிளாஸ், அதே இடவல மாற்றம், கொஞ்சம் சின்ன ஜன்னல். முதல் ரோலில் 12-ல் ஏழு படம் ஃபோகஸ் சரியாக இருந்தது. உருப்பெருக்கியைத் திறந்துவைத்து எடுத்த இரண்டாவது ரோலில் பதினொன்று. இருட்டறையில் தூக்கிப் பிடித்தேன். பன்னிரண்டு சதுரம். பத்து ஜன்னலைவிட இரண்டு கூடுதல்.

ஆர்பி67-ஐ விற்கவில்லை. வெளிச்சம் வரும் அறையில் கனமான முக்காலி மேல் நிரந்தரமாக நிறுத்திவிட்டேன். வருகிறவர்களை உட்காரவைத்து எடுக்க அது. அது இருக்கும் இடத்துக்கு நான் போகிறேன், என்னோடு அது வருவதில்லை. டார்க் ஸ்லைடின் முனையில் தோல் பட்டை ஒன்றைக் கோத்திருக்கிறேன். கிள்ளாமல், விரலை வளையத்தில் விட்டு இழுக்கலாம்.

ஒரு சிக்கல் பாக்கி. இரட்டை லென்ஸ் கேமராவில் ஃபிலிம் போட ஸ்பூல் குமிழைக் கிள்ளி வெளியே இழுக்க வேண்டும். அந்த ஒரு அசைவுதான் உயிரை எடுக்கிறது. இப்போதைக்கு வீட்டிலேயே இரண்டு கையாலும் போட்டுக்கொண்டு ஒரே ரோலோடு கிளம்புகிறேன். வழி இருக்கிறதா?

#15 ஸ்க்ரூடிரைவர்

இருக்கிறது. அந்தக் குமிழ் அவ்வளவு இறுக்கமாக இருக்கக் கூடாது. தண்டில் பழைய கிரீஸ் இறுகிப்போயிருக்கும், சுத்தம் செய்து துளி எண்ணெய் விட்டால் பாதிச் சிரமம் போய்விடும். அதைத் தெரிந்தவர் கையில் கொடுத்துச் செய்யுங்கள், எண்ணெய் உள்ளே ஓடி ஷட்டர் தகடுகளில் ஏறிவிடக் கூடாது. மீதிச் சிரமத்துக்கு மெல்லிய பின்னல் கயிறு. குமிழின் விளிம்புக்கு அடியில் சுருக்குப் போட்டு இறுக்கி, ஓர் அங்குலம் வளையம் விடுங்கள். நடுவிரலை வளையத்தில் மாட்டி முழுக் கையால் இழுங்கள், கட்டைவிரல் சும்மா இருக்கட்டும்.

#16 கேபிள்ரிலீஸ்

கயிறு போடும்போது நுனியை நெருப்பில் காட்டி உருக்கிவிடுங்கள் ஐயா. பிரிந்த இழை ஒன்று பின்கதவின் ஓரத்தில் மாட்டி என் கேமராவில் ஒரு ரோல் முழுக்க வெளிச்சம் புகுந்துவிட்டது.

#17 ஆறேழு

உருக்கிவிட்டேன், வளையம் நிற்கிறது. இன்று காலை ஒற்றைக் கையால் குமிழை இழுத்து ரோல் போட்டேன். பையில் இன்னொரு ரோலும் இருக்கிறது. வெளியே கிளம்புகிறேன்.